கனடா மாமன் சீர்

மன்னிச்சுக்கங்கண்ணே. பஸ்ஸுல நல்லாக் கண்ணசந்திருந்தீங்க, நான் போன்ல கத்தி எழுப்பிவிட்டுட்டேன். மனுசன்கிட்ட கத்தினாலாவது ஒரு பிரயோசனம் உண்டு. அந்தப் பக்கம் பேசுறது கார்டுக் காசுக் கம்பெனி மிசினு. தமிழுக்கு ஒண்ணை அழுத்துங்கங்குது. அழுத்தினா பாட்டுப் போடுது. கல்லுப்பட்டி தாண்டுற வரைக்கும் பாட்டுக் கேட்டேன். கடைசியா ஒரு பொண்ணு வந்து, "உங்க புகார் முடிக்கப்பட்டது சார், வேற ஏதாவது உதவி வேணுமா"ன்னு கேக்குது. முடிச்சுவிட்டதே நீங்கதானேம்மா, இனி என்ன உதவி பண்ணப்போறீங்கன்னேன். அதுக்குத்தான் அந்தச் சத்தம்.

நீங்க எறங்குறது திருமங்கலமா, மதுரையா? மதுரையா. அப்பச் சரி, நேரம் கெடக்கு. நீங்களே ஒரு நாயம் சொல்லுங்க.

நமக்கு மதுரை செல்லூருண்ணே. பேரு மாயழகு. சீர்த்தட்டு ஜோடிக்கிற தொழில். காதுகுத்து, சடங்கு, கல்யாணம் எதுன்னாலும் தாய்மாமன் சீர் வந்தாகணுமில்ல. அந்த மாமன் துபாயிலயோ சிங்கப்பூர்லயோ கெடந்தா என்ன பண்ணுவாரு? நம்ம வெப்சைட்டுக்குள்ள போயி, எத்தனை தட்டு, என்ன பழம், பட்டு, நகை, கொட்டுமேளம், வேட்டு, மாலை போட்ட கிடா வேணுமா வேண்டாமான்னு ஒவ்வொண்ணா அமுக்கி, அங்கிட்டிருந்தே கார்டுல காசைக் கட்டிட்டாப் போதும். முகூர்த்தத்தன்னைக்கு மண்டப வாசல்ல நாங்க எறங்கிருவோம். தட்டுத் தூக்குற பொம்பளையாளுக எங்க ஆளுக. மாமனுக்குப் பதிலா தலைப்பா கட்டி மொதத் தட்டைத் தூக்க ஆளில்லையா, அதுக்கும் நான் உண்டு. சிரிக்காதீங்கண்ணே. போன வருசம் மட்டும் எத்தனை புள்ளைகளுக்கு நான் மாமனா நின்னேன்னு கணக்கே கெடையாது.

இந்தத் தொழில்ல ஒரு குரலைக் கேட்டா ஆளை எடை போட்டுருவேன். அது ஒரு வரம். எங்க வீட்டுக்காரி பவளம் ஒத்துக்க மாட்டா, அது வேற விசயம்.

வைகாசியில கனடாவுல இருந்து ஒரு ஆர்டர் வருது. மாமன் பேரு தவசி. தங்கச்சி ராக்கம்மா, இந்தா, இப்ப நான் ஏறுனேனே பேரையூரு, அங்கதான். தங்கச்சி மக கல்யாணம். ஐம்பத்தோரு தட்டு, பொண்ணுக்குக் கழுத்துச் செயின், மாப்பிள்ளைக்கு மோதிரம், கிடா, மேளம், எல்லாமே மேல்தரம். இப்படி ஒரு ஆர்டர் நம்ம கடைக்கு வந்ததே இல்ல. போன்ல பேசுனது தவசி சம்சாரம், சுகந்தின்னு பேரு. மெதுவான குரலு. பேசுறப்பவே யாரோ பக்கத்துல தூங்குற மாதிரி பேசும். "அண்ணா, எல்லாம் அவரு பேருலயே இருக்கட்டும். மைக்குல அவரு பேரைத்தான் சொல்லணும். பில்லு எதையும் வீட்டுக்கு அனுப்பிடாதீங்க"ன்னுச்சு. சீர்ல எவன்மா பில்லு வைப்பான், வச்சா வெட்டுக்குத்து ஆயிருமேன்னேன். சிரிச்சுச்சு. மாமனை ஒருவாட்டி லைன்ல வரச் சொல்லும்மான்னும் கேட்டேன், கேக்காம இல்ல. அவரு வேலையில இருக்காருன்னுச்சு. சரி, சீருக்கு மாமன் காசு குடுப்பாரு, மத்தவேலையெல்லாம் வீட்டுப் பொம்பளைதானே பாக்கும். எல்லா ஊர்லயும் அப்படித்தானே நடக்குது. உங்க தங்கச்சிக்குச் சேலை எடுக்க நீங்களா போறீங்க?

அப்ப. அதைத்தான் சொல்றேன். கார்டு தவசி பேருல இருந்துச்சு, காசும் கட்டியாச்சு. எனக்கு வேற என்ன வேணும்?

செயினும் மோதிரமும் தெரிஞ்ச நகைக்கடையில கடனுக்கு எடுத்தேன். வெளிநாட்டுக் கார்டுக் காசு நம்ம கைக்கு வர நாளாகும், வந்ததும் குடுத்துருவேன், அவருக்கும் அது பழக்கம்.

அந்தக் கல்யாணத்தை நீங்க பாத்திருக்கணும்ணே. பேரையூர் மண்டபத்துக்கு ரெண்டு தெரு தள்ளி வேனை நிப்பாட்டி, வேட்டுப் போட்டு, மேளத்தோட நடந்து வாறோம். முன்னால கிடா, அதுக்குப் பின்னாடி நான், தலையில செயின் வச்ச தட்டு. மண்டப வாசல்ல அந்த ராக்கம்மாக்கா நிக்குது. எங்களைப் பாத்து யாரோ வேற கல்யாணத்துக்குப் போறாகன்னு நெனச்சிருக்கு. மைக்குல "கனடா தாய்மாமன் தவசி அவர்களின் சீர்"னு சொன்னாக பாருங்க, அந்தக்கா அப்படியே தூணைப் புடிச்சுக்கிட்டு உக்காந்துருச்சு. பன்னெண்டு வருசமாப் பேச்சுவார்த்தை இல்லையாம்ணே. அப்பன் செத்தப்பறம் கெணத்தங்கரை நெலத்துல பங்கு கேட்டுருச்சாம், அதோட அண்ணன்காரன் அத்து விட்டுட்டான். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மாமன் சீர் எங்க, மாமன் சீர் எங்கன்னு காலையில இருந்து கேட்டுக் கேட்டு அதைக் கொன்னுட்டாகளாம். எந்திரிச்சு வந்து என் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டு, "எங்கண்ணன் என்னைய விட்டுக்குடுக்கல தம்பி"ன்னு சொல்லி அழுதுச்சு. சத்தியமாச் சொல்றேன், எங்கூடப் பொறந்தவ மக சடங்குக்குக்கூட நான் இப்படித் தூக்கிட்டுப் போகல. ஒரு சேலையோட முடிச்சுட்டேன். அப்பக் கை இறுக்கம், அவளும் புரிஞ்சுக்குவா.

சரி, கதைக்கு வாறேன். ஆடி பொறந்துச்சு. ஆடியில ஏது கல்யாணம், நமக்கு ஒத்த ஆர்டர் கெடையாது. அந்த நேரம் பாத்து, கார்டுக் காசை வாங்கிக் குடுக்குற கம்பெனியில இருந்து ஒரு மெயிலு. சார்ஜ்பேக்காம். நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. கார்டு வச்சிருக்கவன் அவன் பேங்குல போயி, 'இந்தச் செலவை நான் பண்ணல'ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அவன் பேங்கு நம்மகிட்ட இருந்து மொத்தக் காசையும் திருப்பி உருவிக்கும். அதுக்கு மேல நமக்கு ஒரு அபராதம் வேற. கேள்வி அப்பறமாத்தான் கேப்பாக. மொத வெட்டு, பெறகுதான் விசாரணை.

தவசி அப்படித்தான் சொல்லியிருக்கான். இந்தச் செலவை நான் பண்ணல, என் கார்டை எவனோ திருடியிருக்கான்னு.

அவன்மேலயும் முழுசாத் தப்புச் சொல்ல முடியாது. கடைக்கு நான் என்ன பேரு வச்சிருந்தாலும், பேங்குக் கணக்கு எங்கப்பா பலசரக்குக் கடை வச்சிருந்தப்ப தொறந்தது. கருப்பணன் ஸ்டோர்ஸ். அந்தப் பேரை எடுக்க எனக்கு மனசு வரல. கனடாக்காரன் கார்டுக் கணக்குல 'கருப்பணன் ஸ்டோர்ஸ், மதுரை'ன்னு அம்புட்டுப் பெரிய தொகை விழுந்தா எவனுக்குத்தான் பகீர்னு இருக்காது. மளிகைக் கடையில கப்பலா வாங்கினோம்னுதானே நெனப்பான்.

பேங்குல என்ன அத்தாட்சி கேட்டாக தெரியுமா? சாமானைக் கார்டுக்காரர் கையெழுத்துப் போட்டு வாங்குனதுக்குச் சீட்டு. கூரியர் நம்பரு. கிடாய்க்கு ஏதுண்ணே கூரியர் நம்பரு? நான் கல்யாண வீடியோவை அனுப்பினேன். மேளம், வேட்டு, ஐம்பத்தோரு தட்டு, மைக்குல அவன் பேரு, எல்லாம் தெளிவா இருக்கு. பதில் போட்டான் பாருங்க: வீடியோவில் கார்டுதாரர் காணப்படவில்லை. அடேய், அவன் வரமாட்டாங்கிறதுக்குத்தானடா என்னையக் கூப்பிட்டாகன்னு நான் இங்கிட்டு மண்டையில அடிச்சுக்கிறேன்.

சரின்னு சுகந்தி நம்பருக்கு அடிச்சேன். எடுக்கல. கொஞ்ச நேரத்துல ஒரு குரல் மெசேஜ் வந்துச்சு. இப்பவும் இருக்கு எங்கிட்ட. "அண்ணா, நான்தான் பண்ணேன். அவருக்குத் தெரியாது. கல்யாண மண்டபத்துல மாமன் சீர் இல்லாம அவங்க எப்படி நிப்பாங்கன்னு நெனச்சேன், தாங்கல. அவர்கிட்ட சொல்லிப் புரியவைக்கிற தைரியம் எனக்கில்ல. தெரிஞ்சா என்னை இந்த வீட்டுல வச்சிருக்க மாட்டாரு. என் சம்பளத்துல ரெண்டு வாரத்துக்கு ஒருவாட்டி அனுப்பிடறேன்ணா. இது மட்டும் அவர் காதுக்குப் போகாமப் பாத்துக்கங்க." இம்புட்டுத்தான். கடைசியில குரல் ஒடைஞ்சுபோச்சு.

பொம்பளைங்க இப்படித்தான் எதையும் பெருசாச் சொல்லும். வீட்டுல வச்சிருக்க மாட்டாருன்னா, ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சிருப்பான், அதானே. கனடாவுல போலீஸ் சட்டமெல்லாம் நம்ம ஊரு மாதிரி கெடையாதாமே.

சொன்ன மாதிரியே ஒரு தவணை அனுப்பவும் செஞ்சுச்சு. இல்லைங்கல. ஆனா அந்தக் கணக்குல போனா என் மக கல்யாணம் வரைக்கும் கட்டும். நகைக்கடைக்குக் குடுக்க வேண்டிய காசையும் சேத்து உருவிட்டாக, அவரு தெனம் கடை வாசல்ல வந்து நிக்கிறாரு. மரியாதையான மனுசன், கேக்கமாட்டாரு, சும்மா நிப்பாரு. கேட்டாக்கூடத் தேவலைன்னு தோணும். காசுக் கம்பெனிக்காரன் வேற, இந்த வழக்குல தோத்தா இனிமே கார்டுல காசு வாங்குற வசதியையே நிறுத்திருவோம்கிறான். வெளிநாட்டு மாமன்கள் இல்லைன்னா எனக்குத் தொழிலே இல்லண்ணே. ஆவணி முகூர்த்தத்துக்கு ஒருத்தரும் ஆர்டர் குடுக்க முடியாது.

அந்தக் குரல் மெசேஜை பேங்குக்கு அனுப்பிரலாம்னு முடிவு பண்ணேன். அத்தாட்சின்னா அதுதானே அத்தாட்சி. அவன் பொண்டாட்டியே தன் வாயால சொல்லுது.

பவளம் வேண்டாம்னா. "அந்தப் பொம்பள உங்கள நம்பிச் சொன்னதுங்க. அனுப்பாதீங்க"ன்னா. நம்பிக்கையக் கொண்டுபோயி நகைக்கடையில வச்சா எடுத்துக்குவாரான்னு கேட்டேன். உள்ள போயி கழுத்துல கெடந்த சங்கிலியக் கழட்டிக் கொண்டாந்து, "இதைக் குடுத்துட்டு அதை விட்ருங்க"ன்னு கையில வச்சா. தொழில் நெளிவு சுளிவு அவளுக்குத் தெரியாதுண்ணே. சங்கிலியையும் குடுத்தேன். மெசேஜையும் அனுப்பினேன். ரெண்டும் பண்ணினாத்தானே ஏதாவது ஒரு பக்கம் தேறும். அன்னையில இருந்து சோறு போடுறா, பேச்சில்ல. ஆடி மாசம்னா அவளுக்கு ஒடம்பு சூடு, அப்படித்தான் இருப்பா.

பேங்குல என்ன சொன்னான்னு கேளுங்களேன். நீங்க அனுப்பிய ஆதாரத்தை கார்டுதாரரின் பார்வைக்கு அனுப்பினோம். கார்டுதாரர் இந்தச் செலவுக்கு அனுமதி தரவில்லை என்பது உங்க ஆதாரத்தாலேயே உறுதியாகிறது. ஆகவே தீர்ப்பு கார்டுதாரருக்குச் சாதகம். புரியுதா? உண்மையக் கொண்டுபோயிக் குடுத்தா, அதை வச்சே என்னையக் கட்டிப்போட்டுட்டாக. கடையில வெறும் தட்டுகளா அடுக்கி வச்சிருந்துச்சு, அதுக்கு நடுவுல உக்காந்து அழுதேன். வெக்கமில்லாமச் சொல்றேன், அழுதேன்.

ரெண்டாவது தவணையும் வரல பாத்தீங்களா. நான் அப்பவே சொன்னேன் பவளத்துகிட்ட, இந்தம்மா கட்டாதுன்னு. போன் அடிச்சா போகவே மாட்டேங்குது.

கடைசியா ஒரு வழிதான் பாக்கியிருந்துச்சு. கார்டுக்காரரே ஒரு கடுதாசி குடுத்தா வழக்கை மறுபடி தொறப்பாகளாம். அவன் எனக்குக் குடுப்பானா? தங்கச்சி கேட்டாக் குடுப்பான்ல. ராக்கம்மாக்காகிட்ட போயி எல்லாத்தையும் ஒடைச்சுச் சொல்லிரணும்னுதான் இன்னைக்குக் காலையில பஸ் ஏறினேன். அக்கா, உங்கண்ணன் சீர் அனுப்பல, காசைத் திருப்பி வாங்கிட்டான், ஒரு வார்த்தை அவன்கிட்ட பேசி என் குடும்பத்தைக் காப்பாத்துங்கன்னு. பஸ்ஸுல வாய்க்குள்ளயே சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன்.

வாசல்ல என் தலை தெரிஞ்சதுதான் தாமதம், "எங்கண்ணன் ஊட்டு ஆளு வந்துருக்கு"ன்னு தெருவுக்கே கேக்குற மாதிரி சொல்லுச்சு அந்தக்கா. கோழி அடிச்சாகண்ணே எனக்காக. ஆடி முடியலையேக்கா, வீட்டுல விரதம் கிரதம் இருக்குமேன்னேன். எங்கண்ணன் ஊட்டு ஆளுக்கு முன்னாடி என்ன விரதம்னுட்டு எலையப் போட்டுருச்சு. மொத வாய் வைக்கல, அதுவே ஆரம்பிச்சுச்சு. "தம்பி, எங்கண்ணன் போன் பண்ணுச்சு தெரியுமா?"

எப்பக்கான்னேன். போன வாரமாம்.

"பன்னெண்டு வருசம் கழிச்சு அந்தக் குரலைக் கேக்குறேன் தம்பி. எடுத்ததும், உனக்கு சீர் வந்துச்சான்னு கேட்டுச்சு. வந்துச்சுண்ணே, நீ அனுப்புன சீரை ஊரே இன்னைக்கும் பேசுது, எம் மக தலை நிமிந்து போனா, சம்பந்திகாரங்க வாயடைச்சுப் போனாகன்னு சொன்னேன். அழுதுக்கிட்டேதான் சொன்னேன். பெறகு, சரி சரி, புள்ள நல்லா இருக்கட்டும்னுச்சு."

கேட்டீங்களாண்ணே. சரி சரின்னு வாங்கிக்கிட்டான். நான் அனுப்பலன்னு சொல்ல வாய் வரல அவனுக்கு. நல்லது, தங்கச்சி மனசு நோகும்ல. அப்ப அதே வாயால பேங்குல ஒரு வார்த்தை, 'ஆமா, என் வீட்டுச் செலவுதான்'னு சொல்லியிருக்கலாம்ல? காசும் அவன்கிட்ட. பேரும் அவனுக்கு. செயின் அந்தப் புள்ள கழுத்துல. என் பொண்டாட்டி கழுத்துல மஞ்சக்கயிறு. அப்ப அந்தக் கல்யாணத்துக்கு மாமன் யாருண்ணே? நாந்தானே?

சொல்லிரணும்னுதான் வாயைத் தொறந்தேன். அந்தக்கா அந்நேரம், "கெணத்தங்கரை நெலத்துல எம் பங்கை அண்ணன் பேருக்கே எழுதிக் குடுத்துரலாம்னு இருக்கேன் தம்பி. என்னைய மதிச்சு இம்புட்டுச் செஞ்சவனுக்கு நெலம் என்ன பெரிய நெலம்"னுச்சு. மொகத்துல அப்படி ஒரு சந்தோசம். அதுக்கு மேல நான் எப்படிண்ணே சொல்லுவேன்? எப்படிச் சொல்லுவேன்? ரசம் ஊத்துங்கக்கான்னேன்.

மதினிகிட்டயும் பேசினீகளான்னு சும்மா கேட்டு வச்சேன். அக்கா சொல்லுச்சு, "கேட்டேனே தம்பி. மதினிகிட்ட குடுண்ணேன்னேன். அவ இங்க இல்லன்னு சொல்லிட்டு வச்சிருச்சு. வேலைக்குப் போயிருக்கும். அங்கிட்டெல்லாம் ராத்திரியும் பகலும் மாறிக் கெடக்குமாம்ல."

ஆமாக்கா, வேலைக்குத்தான் போயிருக்கும்னேன்.

கெளம்புறப்ப ஒரு கட்டப்பையைக் கொண்டாந்து குடுத்துச்சு. முறுக்கு, அதிரசம், கருப்பட்டி மிட்டாய், அது அண்ணனுக்காம். மேல தனியா ஒரு பொட்டலம், பட்டுச்சேலை, மஞ்சக்கெழங்கு, குங்குமம். "இது மதினிக்கு. நான் அவுகள ஒரு காலத்துல என்னென்னவோ பேசிருக்கேன். கல்யாணத்துக்கு எடுத்த பட்டுலயே நல்லதாப் பாத்து எடுத்து வச்சேன். நீங்கதான் அனுப்புற வழி தெரிஞ்ச ஆளு தம்பி, எப்படியாவது அவுக கையில சேத்துருங்க"ன்னுச்சு. செலவு எம்புட்டாகும்னு முந்தானை முடிச்சை அவுத்துச்சு. அதெல்லாம் பாத்துக்கலாம்க்கான்னு சொல்லிட்டு வந்துட்டேன். இப்படித்தான் நான் தொழில் பண்றேன்.

பஸ் ஏறினதும் மொத வேலையா அந்தம்மா நம்பருக்குத்தான் அடிச்சேன். இந்த நம்பர் உபயோகத்தில் இல்லைங்குது. இதுவரைக்கும் போகாமத்தான் இருந்துச்சு, இன்னைக்கு இப்படிச் சொல்லுது. புது நம்பர் வாங்கியிருக்கும். அங்கெல்லாம் அடிக்கடி மாத்துவாகளாம்.

ஏண்ணே அப்படிப் பாக்குறீங்க? வேலைக்குத்தான் போயிருக்கும்.

நான் என்ன பண்ணுவேன் சொல்லுங்க. எனக்கும் குடும்பம் இருக்குல்ல. பேங்குக்காரன் அதை நேரா அவன்கிட்டயே கொண்டுபோயிக் குடுப்பான்னு எனக்கு எப்படித் தெரியும்? யாருண்ணே நமக்கு இதெல்லாம் முன்னாடியே சொல்றா?

விடுங்க. திருமங்கலம் வந்துருச்சு போல. கூரியர் ஆபீஸ் மதுரையில எட்டு மணி வரைக்கும் இருக்கும், எறங்குனதும் நேராப் போயிருவேன். சேலைப் பொட்டலத்து மேல சுகந்தின்னு பேரு எழுதிட்டேன், பாருங்க. அட்ரஸ்லதான் நிக்குது. எங்கிட்ட இருக்கிறது தவசி வீட்டு அட்ரஸ் ஒண்ணுதான். அதுக்கு அனுப்பினா அந்தம்மா கைக்குப் போய்ச் சேருமாண்ணே?